இடது பக்கச் சீட்டு

என் வொர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் காரின் நோயை வாயாலேயே நடித்துக் காட்டுவார்கள். "வளைச்சா கொடகொடங்குது அண்ணே" என்பார் ஒருவர். இன்னொருவர் உதட்டைக் குவித்து, "உய்ய்ய்" என்று பிரேக் கத்துவதைக் கத்திக் காட்டுவார். போன மாதம் ஒரு வாத்தியார் தலைமுதல் கால்வரை குலுங்கி, வண்டி நடுங்குவதை அப்படியே செய்து காட்டினார். பக்கத்துக் கடைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு இதெல்லாம் பிடிக்கும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அக்கா என்று நான் கூப்பிடுகிற ஒரு வாடிக்கைக்காரர் மட்டும் அப்படி இல்லை. வருவார், சாவியை மேசையில் வைப்பார். "எல்லாம் செட்டல் தம்பி. அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் என்னான்னு பாருங்க" என்பார். அவ்வளவுதான். செட்டல் என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று அர்த்தம். எப்போது எரிந்தது, எங்கே போகும்போது எரிந்தது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எதைக் கேட்டாலும் சிரிப்புதான் வரும். டாக்டரிடம் போய் நாக்கை நீட்ட மாட்டேன் என்கிற ஆளை என்ன செய்ய? எனக்கு எரிச்சலாக வரும். முகத்தைப் பார்த்ததும் எரிச்சலைக் காட்டவும் முடியாது.

நான் வயர்மேன். மலேசியாவில் கெடாப் பக்கம், கூலிமில் காரின் மின்சார வேலை மட்டும் பார்க்கிறவன். என்ஜினைத் தொடுவதில்லை. வயர் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான் என்று பல பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். அக்கா பொய் சொல்வார். யாரையும் ஏமாற்றிப் பிழைக்கிற பொய் இல்லை. எது உடைந்தாலும் உடையவில்லை என்கிற பொய். எது வலித்தாலும் வலிக்கவில்லை என்கிற பொய். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இப்போது யான் என்கிற ஊர்ப் பக்கம் எங்கேயோ இருப்பதாகக் கேள்வி. அங்கிருந்தே, "எதுக்குலா தம்பி ஊருக்கெல்லாம் சொல்றீங்க" என்று கேட்பார்.

ஆள் குள்ளம். வெயில் கொளுத்தினாலும் கம்பெனி கொடுத்த நீல ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டார். அதன் பையில் ஒரு தைலப் புட்டி எப்போதும் இருக்கும். கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய லைனில் வேலை செய்தவள். அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவள் சொல்லித்தான்.

ஒரு நாள் காலை ஷிப்டில் இரும்புத் தட்டு ஒன்று அக்காவின் கைமேல் விழுந்து நகம் பிளந்துவிட்டதாம். அக்கா ஒரு கையுறைக்கு மேல் இன்னொரு கையுறையை மாட்டிக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை நின்றிருக்கிறார். என் மனைவி பார்த்துவிட்டாள். விரல் நுனியில் ரப்பர் உப்பி, உள்ளே சிவப்பாக ஆடிக்கொண்டிருந்ததாம். "அக்கா, ரத்தம்!" என்று கத்தியிருக்கிறாள். அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "செட்டல்லா, வேலையைப் பாரு" என்றாராம். அடுத்த வாரம் நகமே இல்லை. கேட்டவர்களிடம் நகம் வெட்டும்போது கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்றிருக்கிறார். நம்புகிற மாதிரியா இருக்கிறது? ஆனால் அவர் சொன்னால் நம்புவார்கள்.

அக்கா அப்போது குடியிருந்த ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாக் கதை இன்னும் விசேஷம். தோட்டத்தில் இப்போது ஆட்கள் அதிகம் இல்லை. ஆனால் திருவிழா என்றால் கூலிமிலிருந்தும் சுங்கைப்பட்டாணியிலிருந்தும் காரில் வந்து இறங்கிவிடுவார்கள். அந்த வருஷம் அன்னதானத்துக்கு வைத்த சோறு அடிபிடித்துத் தீய்ந்துவிட்டது. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. அக்கா வெளியே வந்து, "அம்மனுக்கு இன்னும் படையல் முடியலைங்க, கொஞ்சம் பொறுங்க" என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டு, பின்பக்கமாகக் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் வடித்த சோற்றையெல்லாம் வாங்கி, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அண்டாவில் கொட்டினார். கொட்டியதில் என் மனைவியும் ஒருத்தி. பந்தி நடந்தது. கோயில் தலைவர் கை கழுவிக்கொண்டே, "என்னதான் சொல்லுங்க, நம்ம தோட்டத்துக் கைப்பக்குவம் டவுன்ல வருமா?" என்றார். நானும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிறாதே" என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறார். என் மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். புருஷனிடம் சொல்வதை அவள் சொல்வதாகவே சேர்ப்பதில்லை.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். பெரிய சங்கதி ஒன்றுமில்லை. கார் மோதினால் சீட் பெல்ட் நம்மைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். பெல்ட்டில் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும். மோதிய கணத்தில் அந்தத் தளர்வை வெடுக்கென்று இழுத்து இறுக்குவதற்காக, சீட்டு ஓரத்தில், பெல்ட்டை மாட்டுகிற கொக்கியோடு ஒரு சின்ன வெடிமருந்துக் குழாயை வைத்திருப்பார்கள். சாவியைத் திருப்பியதிலிருந்து காரின் கம்ப்யூட்டர் அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இருக்கிறாயா என்று கேட்கும். இருக்கிறேன் என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் சிவப்பு விளக்கு. அக்காவின் காரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தேன். முன்பக்கப் பயணி சீட்டு, பெல்ட்டை இறுக்கும் கருவி, தொடர்பு இல்லை என்று வந்தது. அக்கா உட்காரும் வலது பக்கம் ஒழுங்காகப் பதில் சொல்லியது. இடது பக்கம்தான் ஊமை.

அது தைப்பூசம் முடிந்த வாரம். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் சீட்டுக்கு அடியில் கை விட்டேன். மஞ்சள் வயர் அது. அவசரப்பட்டால் வெடித்துவிடும். தரை விரிப்பில் வெள்ளையாகக் காய்ந்த கறை. வயரைச் சேர்க்கிற மஞ்சள் பிளக்கிலும் அதே கறை. நான் சிரித்துவிட்டேன். தைப்பூசம் முடிந்தால் எனக்கு இந்த வேலை நிச்சயம். பால்குடத்தை முன்சீட்டில் வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புவார்கள். ஒரு மேடு, ஒரு பிரேக், அவ்வளவுதான், முருகனுக்குப் போகவேண்டிய பாலில் பாதி என் பிழைப்புக்கு வந்துவிடும்.

"பால்குடமா அக்கா?" என்றேன்.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். "ஆமா தம்பி. பால்குடந்தான்."

"அடுத்த வருஷம் யாராச்சும் மடியில வெச்சுக்கிட்டு வரச் சொல்லுங்க. உங்க காடி சீட்டு என்ன கோயில் கருவறையா, பாலை ஊத்துறீங்க?"

"சரி தம்பி, இனிமே ஊத்தல" என்று சிரித்தார்.

பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டினேன். விளக்கு அணைந்தது. வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "அக்கா இந்த வருஷம் குடமே எடுக்கலையே. கோயில் பக்கமே வரலை" என்றாள். கூட்டத்தில் நீ பார்த்திருக்க மாட்டாய் என்று அடக்கிவிட்டேன். அந்தக் கறையில் புளித்த வாடை இல்லை, வெனிலா வாடை வந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து என்ன, பால் என்று முடிவு கட்டியாயிற்று.

அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். தொட்டி கட்டிய டாங்கி லோரி ஓட்டியவர். அக்காவுக்கு நேர்மாறு. ஆளும் பெரிசு, குரலும் பெரிசு. என் கடை வாசலில் லோரியை நிறுத்தி, "தம்பி, ஹார்ன் செத்துப்போச்சுலா, உயிர் குடு!" என்று அவர் கத்தினால் எதிரே தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் அதிரும். ஹார்னே தேவையில்லை அண்ணே என்பேன். எதைச் செய்தாலும் நாலு பேருக்குக் காட்டிச் செய்கிற மனிதர். புதுச் சட்டை போட்டால் திரும்பி நின்று முதுகுப்பக்கத்தையும் காட்டுவார்.

அவரைக் கொஞ்ச காலமாகவே காணவில்லை. "அண்ணன் எங்கக்கா?" என்று கேட்டால், "ஜோகூர்ல வேலை தம்பி" என்பார் அக்கா. தேத்தண்ணிக் கடையிலும் அதுதான் பேச்சு. கெடாவிலிருந்து தெற்கே ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகாத வீடு எது? அக்கா தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் வாடகைக்கு வீடு பிடித்துப் போனதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் ஊரில் இல்லை, வேலைக்குக் கிட்டத்தில் போகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

விளக்கு மறுபடி எரிந்தது. பிளக்கையே மாற்றினேன். மறுபடியும் எரிந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. ஏனென்றால் என் கைக்கு வந்தால் அந்தக் கார் நல்ல பிள்ளை. ஸ்கேனரில் பழைய பதிவு இருக்கும், சோதித்தால் எல்லாம் சரி. தாமான் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். வேகத்தடையில் வேண்டுமென்றே தூக்கிப் போட்டேன். சீட்டில் ஏறி உட்கார்ந்து குதித்தேன். விளக்கு எரியவே இல்லை. அக்கா எடுத்துக்கொண்டு போனால் சில நாளில் திரும்பி வந்துவிடுவார்.

"எப்ப எரியுதுன்னாச்சும் சொல்லுங்கக்கா. ஓடும்போதா, நிக்கும்போதா?"

"அது பாட்டுக்கு எரியுது தம்பி."

"பக்கத்துல யாராச்சும் உட்கார்றாங்களா?"

"பையை வைப்பேன்."

கடைசியில் ஒரு வழி சொன்னேன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த குறுக்கு வழி. அந்தக் கருவிக்குப் பதிலாக மூக்குத்தி அளவில் ஒரு மின்தடையை வயரில் மாட்டிவிட்டால், கம்ப்யூட்டர் கூப்பிடும்போது அது பதில் சொல்லிவிடும். விளக்கு அணைந்துவிடும். நான் செய்வதில்லை. ஆனால் அன்று அவ்வளவு வெறுத்துப் போயிருந்தேன்.

அக்கா கேட்டார்: "அப்ப மோதினா பெல்ட்டு இழுத்துப் புடிக்குமா?"

"அந்த இழுப்பு இருக்காது. சும்மா பெல்ட்டு மட்டுந்தான். ஆனா விளக்கு எரியாது."

"வேணாம் தம்பி."

"பைக்கு எதுக்குக்கா பெல்ட்டு?"

"பையா இருந்தாலும் புடிக்கணும்" என்றார். சிரிக்கவில்லை. அடிபிடித்த சோற்றை மறைத்தவர், பிளந்த நகத்தை மறைத்தவர், இந்த ஒன்றை மட்டும் மூடி மறைக்க மாட்டேன் என்று நின்றது எனக்கு விளங்கவில்லை. பெண்பிள்ளைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் என் மாமனாரைக் கண் பரிசோதனைக்காக அலோர் ஸ்டாருக்கு அழைத்துப் போனேன். அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் காற்றுக்காக நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் கார் வந்து நின்றது. கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அக்கா இறங்கி, சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து கதவைத் திறந்தார். குனிந்து நெம்பியை இழுத்து, சீட்டைத் தோளால் முட்டி, கடைசிவரை பின்னால் தள்ளினார். சாய்வை மல்லாத்தினார். பிறகு உள்ளே இருந்தவரின் காலை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அக்குளில் கை கொடுத்து, மார்போடு அணைத்து, மூச்சைப் பிடித்து எழுப்பினார். ஆளில் பாதிகூட இல்லாத அக்கா அவரைத் தள்ளுநாற்காலிக்குத் திருப்பியதைப் பார்த்த பிறகுதான் அது அண்ணன் என்று எனக்குத் தெரிந்தது. இளைத்திருந்தார். வலது கை தொங்கியது. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மடியில் பால்மாவு கரைத்த புட்டி ஒன்று இருந்தது. அந்த வெனிலா வாடை எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் உறைத்தது வயர்தான். சீட்டு அவ்வளவு பின்னால் போனால் அடியில் இருக்கிற மஞ்சள் வயர் விண்ணென்று இழுபடும். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. தோலுக்குள்ளே கம்பி இற்றுப்போயிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. என்னிடம் கொண்டுவரும்போது அக்கா சீட்டை நடுவில் இழுத்து வைத்துவிடுவார், கம்பி ஒட்டிக்கொள்ளும். அட, இவ்வளவுதானா என்று மனசு துள்ளியது. அதற்குப் பிறகுதான் துக்கம் வந்தது. வந்தது நன்றாகவே வந்தது. வாகனத்தில் கையை ஊன்றித் தடுத்துக்கொள்ள முடியாத மனிதருக்கு அந்த பெல்ட்தான் கை. அது பதில் சொல்லாத காரில், ஹைவேயில் அவரை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார். கூலிமில் ஆஸ்பத்திரி இருக்கிறது, சுங்கைப்பட்டாணியிலும் இருக்கிறது. அங்கெல்லாம் தெரிந்த முகம் இருக்கும் என்றுதான் அலோர் ஸ்டார்.

நான் ஒரு வேனுக்குப் பின்னால் தள்ளி நின்றுகொண்டேன். இதை மட்டும் என் மனைவியிடம் சொல்லவில்லை.

மறுநாள் நானே போன் செய்து காரைக் கொண்டுவரச் சொன்னேன். புதுச் சாமான் வந்திருக்கிறது என்று ஒரு பொய். சீட்டைக் கடைசிவரை தள்ளினேன், விளக்கு எரிந்தது. எனக்கு அதுவே போதும். பழைய வயரை வெட்டி எறிந்து, நீளமாக வேறு போட்டு, உறை மாட்டி, சீட்டோடு சேர்ந்து நகருகிற மாதிரி வளைத்துக் கட்டினேன். சீட்டு ஓடுகிற தண்டவாளத்துக்கும் கிரீஸ் தடவிவைத்தேன். ஒரு விரலால் தள்ளினால் போகும்.

அக்கா வந்து சாவியை எடுத்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"இனிமே சீட்டை எவ்வளவு பின்னாடி தள்ளினாலும் வயர் இழுக்காதுக்கா."

அக்கா சாவியைப் பார்த்தபடி நின்றார். "நான் சீட்டைத் தள்றதே இல்லையே தம்பி."

"சரிக்கா."

"பாலுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"பாலுந்தான்."

தைலப் புட்டியை எடுத்தார், திறக்காமலே திரும்பப் பையில் போட்டார். வாசல்வரை போய் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "ஜோகூர்லேர்ந்து வந்தா அவரு உட்காருவாரு."

"வரட்டும்க்கா. பெல்ட்டு புடிக்கும்."

அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை. அக்கா வரவும் இல்லை. சில மாதம் கழித்து ஒரு நாள் பகலில், இழுவை லோரி ஒன்று அந்தக் காரை எங்கள் வரிசையில் இருக்கிற பாடி வேலைப் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கியது. முன்பக்கம் மூக்கே இல்லை. காற்றுப்பைகள் வெடித்துத் தொங்கின. நான் போட்டது போட்டபடி ஓடினேன். இடது பக்கக் கதவைத் திறந்து சீட்டோரத்தைத்தான் முதலில் பார்த்தேன். பெல்ட் மாட்டுகிற கொக்கி சீட்டோடு சீட்டாகக் கீழே இறங்கியிருந்தது. வெடித்து, இழுத்திருக்கிறது. கூப்பிட்டபோது பதில் சொல்லியிருக்கிறது. அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அக்கா இறங்கினார். மணிக்கட்டில் கட்டு.

"எல்லாம் செட்டல் தம்பி" என்றார்.

"அண்ணன்?" என்று கேட்டுவிட்டேன். ஜோகூரெல்லாம் மறந்துபோயிற்று.

அக்கா வாடகைக் காரின் முன்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே அண்ணன். என்னைப் பார்த்ததும் பாதி வாயால் சிரித்தார். இடது கையால் சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக, ரொம்ப நேரம். கழற்றி, சட்டையை விலக்கிக் காட்டினார். இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை, நாடாவை ஒட்டிவைத்த மாதிரி, பெல்ட் பிடித்த இடம் கன்றி ஊதாவாக இருந்தது. "பா... பாத்தியா" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"மூடுங்க. ஆளுங்க பாக்குறாங்க" என்றார் அக்கா.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதிரே தேத்தண்ணிக் கடையில் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் கிளாஸோடு எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர்தான், என்ன கேட்பது என்று தெரியாமல், அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அண்ணே! ஜோகூர்லேர்ந்து எப்ப வந்தீங்க?"

அக்காவின் முகம் வெளுத்தது. அண்ணன் கழுத்தை மெல்லத் திருப்பி அவர்களைப் பார்த்தார். வார்த்தையைக் கூட்டிச் சேர்க்க நேரம் பிடித்தது.

"இப்ப... இப்பத்தான்லா."

தேத்தண்ணிக் கடை சிரித்தது. கிளாஸை வைத்துவிட்டு எல்லோரும் சாலையைக் கடந்து வரத் தொடங்கினார்கள். அக்காவின் கை அவர் சட்டையை மூடப் போனது. மூடவில்லை. சட்டை விளிம்பைப் பிடித்தபடி கொஞ்சம் நின்று, விட்டுவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குருண் டவுன் தாண்டி மழை தம்பி. முன்னால ஒரு லோரி. விளக்கே இல்ல. நான் பிரேக்க மிதிக்கிறேன், காடி வழுக்கிக்கிட்டுப் போவுது, உய்ய்ய்ய்னு..." என்று உதட்டைக் குவித்து, கட்டுப் போட்ட கையை முன்னால் நீட்டி, அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்.

நான் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை.